நடுநிலை வகுப்பு அறிவியலும் நினைவு வேலை செய்யும் விதமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

6, 7, 8ஆம் வகுப்புகளுக்கு அறிவியல் எடுக்கும் ஆசிரியர்களோடு, நினைவையும் கற்றலையும் ஆராயும் அறிதல் அறிவியலைப் பற்றிப் பேச உட்கார்ந்தால், சுற்றிச் சுற்றி இதே சந்தேகங்கள்தான் வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட வார்த்தையிலேயே வைத்திருக்கிறேன். சில கேள்விகளில் எரிச்சலும் இருக்கிறது, அதையும் எடுக்கவில்லை. மேலிருந்து வரிசையாகப் படிப்பது நல்லது. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை வைத்துத்தான் நகர்கின்றன.

1. அறிதல் அறிவியல்னா மூளையை ஸ்கேன் பண்ணிப் பார்க்கிறதா?

இல்லை. மனிதர்கள் எப்படிக் கவனிக்கிறார்கள், எப்படி நினைவில் வைக்கிறார்கள், எப்படி மறக்கிறார்கள், ஓரிடத்தில் கற்றதை இன்னோரிடத்தில் ஏன் பயன்படுத்த முடியாமல் போகிறது என்பதையெல்லாம் சோதனை வைத்துப் பார்க்கும் துறை இது. உளவியல், மொழியியல், கணினியியல், நரம்பியல் எல்லாம் இதில் கலக்கின்றன. வகுப்பறைக்கு உதவும் முடிவுகளில் பெரும்பங்கு ஸ்கேன் எந்திரம் இல்லாமல், பேப்பரும் பேனாவும் வைத்துக் கிடைத்தவை.

2. நாங்க இத்தனை வருஷமா நடத்தலையா? இதுல புதுசா என்ன இருக்கு?

நியாயமான கேள்வி. பாடத்தின் தொடக்கத்தில் பழையதைக் கேட்பது, திருப்புதல் வைப்பது, படம் போட்டு விளக்குவது எல்லாம் நல்ல ஆசிரியர்கள் எப்போதும் செய்துவருபவைதான். அவற்றில் எது உண்மையில் வேலை செய்கிறது, எது வேலை செய்வது போலத் தெரிகிறது என்று பிரித்துக் காட்டுவதில்தான் இந்தத் துறையின் பங்கு இருக்கிறது. 2013இல் ஜான் டன்லோஸ்கியும் உடன் பணியாற்றியவர்களும் பத்து படிப்பு முறைகளை எடைபோட்டார்கள். மாணவர்கள் அதிகம் நம்பும் அடிக்கோடிடுதலும் திரும்பத் திரும்பப் படித்தலும் பட்டியலின் அடியில் கிடந்தன. தன்னைத் தானே சோதித்துக்கொள்வதும் இடைவெளி விட்டுப் படிப்பதும் மேலே வந்தன.

3. வகுப்புல எல்லாரும் புரிஞ்சுதுன்னு தலையாட்டுறாங்க. அடுத்த வாரம் கேட்டா திருதிருன்னு முழிக்கிறாங்க. நடிக்கிறாங்களா?

நடிக்கவில்லை. அந்த நேரத்தில் புரிந்தது உண்மை. நீங்கள் சொல்லும்போது விளக்கம் முழுக்க அவர்கள் கண்முன்னே இருக்கிறது. அது தங்கள் தலைக்குள்ளேயே இருப்பதாக அவர்களுக்குத் தோன்றும். ஹெர்மன் எபிங்ஹவுஸ் 1885இல் தன்னையே சோதனைக்கு உட்படுத்தி, அர்த்தமில்லாத அசைகளை மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகமாக மறக்கிறது என்று அளந்தார். முதல் சில மணி நேரத்தில் சரிவு செங்குத்தாக இருந்தது, அதன்பின் மெதுவானது. பாடம் அர்த்தமுள்ளது என்பதால் அவ்வளவு மோசமாகப் போகாது. ஆனாலும் சரிவின் வடிவம் அதேதான்.

ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கியும் 2006இல் வெளியிட்ட சோதனை இதற்கு இன்னொரு பக்கம் காட்டியது. கல்லூரி மாணவர்களில் ஒரு பகுதியினர் ஒரு பத்தியை இரண்டு முறை படித்தார்கள். மற்றவர்கள் ஒரு முறை படித்துவிட்டு, மூடி வைத்து, நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது இரண்டு முறை படித்தவர்கள் முன்னே இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழ்: எழுதிப் பார்த்தவர்களுக்குச் சுமார் 56 சதவீதம் நினைவிருந்தது, படித்தவர்களுக்கு 42. பாடம் முடிந்ததும் "புரிஞ்சுதா?" என்று கேட்பது அந்த ஐந்தாவது நிமிடத்தில் அளப்பது மாதிரிதான். உங்களுக்கு வேண்டியது அடுத்த வாரத்து அளவு.

4. அப்போ தினமும் டெஸ்ட் வைக்கச் சொல்றீங்களா? பரீட்சைன்னாலே பசங்க நடுங்குறாங்க.

டெஸ்ட் என்ற பெயரே வேண்டாம் என்றால் விட்டுவிடலாம். தேவைப்படுவது, புத்தகம் மூடியிருக்கும்போது ஒவ்வொரு மாணவரும் தன் தலைக்குள் தேடி எடுக்கும் சில நிமிடங்கள். மார்க் பதிவேட்டில் ஏறக்கூடாது. யாருக்கு எத்தனை என்று உரக்க வாசிக்கவும் கூடாது. எழுதி முடித்த கையோடு சரியான பதிலைச் சொல்லிவிட வேண்டும். பதில் சொல்லாமல் விட்டால் தப்பாக எழுதியது அப்படியே தங்கிவிடும்.

நடைமுறையில் இப்படிச் செய்யலாம். மணி அடித்ததும் கரும்பலகையில் மூன்று கேள்வி: ஒன்று நேற்றையது, ஒன்று சென்ற வாரத்தது, ஒன்று சென்ற மாதத்தது. எல்லாரும் ரஃப் நோட்டில் எழுத வேண்டும். கை தூக்கியவரை மட்டும் கேட்டால் மற்றவர்களின் நினைவுக்கு வேலையே இல்லாமல் போகும். இதுதான் வழக்கமான வாய்வழிக் கேள்வியின் ஓட்டை. முன் பெஞ்சில் நாலு பேர் பதில் சொல்வதை வகுப்பே பதில் சொன்னதாக நாம் எடுத்துக்கொள்கிறோம்.

பயத்தைப் பற்றி: எட்டாம் வகுப்பு அறிவியலிலேயே மார்க்கில்லாத சிறு வினாடி வினாக்களை வைத்துப் பார்த்தார்கள். 2011இல் வெளியான அந்த ஆய்வில், கேட்கப்பட்ட பகுதிகளில் மாணவர்கள் அலகுத் தேர்வில் மட்டுமல்ல, ஆண்டு இறுதியிலும் நன்றாகச் செய்தார்கள். இப்படிப் பழகிய 1,400க்கும் மேற்பட்ட பள்ளி மாணவர்களிடம் வேறொரு ஆய்வில் கேட்டபோது, 72 சதவீதம் பேர் தேர்வுப் பதற்றம் குறைந்ததாகச் சொன்னார்கள். தேர்வு நாளில்தான் முதல்முறையாக நினைவைத் துழாவுகிறவருக்குத்தான் கை நடுங்கும்.

5. எத்தனை நாள் கழிச்சுத் திரும்பக் கேட்கணும்?

எவ்வளவு காலம் நினைவிருக்க வேண்டும் என்பதைப் பொறுத்தது. 2008இல் நிக்கோலஸ் செப்பேடா குழு ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் விதவிதமான இடைவெளிகளைச் சோதித்தது. ஒரு வாரம் நினைவிருந்தால் போதும் என்றால் ஓரிரு நாள் இடைவெளி சரி. ஓராண்டு நிற்க வேண்டும் என்றால் மூன்று நான்கு வாரம். துல்லியமாகக் கணக்குப் போட வேண்டிய அவசியமில்லை. கொஞ்சம் மறந்த பிறகு கேட்க வேண்டும், முழுக்க மறக்கும் முன் கேட்க வேண்டும். நேற்று நடத்தியதை மட்டும் இன்று கேட்டால் மறதிக்கு இடமே கொடுக்கவில்லை என்று பொருள்.

6. நினைவுல வைக்கிறதெல்லாம் மனப்பாடம்தானே? அறிவியல்னா புரிதல் இல்லையா?

கேள்வி மனப்பாடக் கேள்வியாக இருந்தால் கிடைப்பதும் மனப்பாடம்தான். "ஒளிச்சேர்க்கை வரையறு" என்று கேட்டால் வரையறைதான் வரும். "இரண்டு நாள் இருட்டில் வைத்த செடியின் இலையில் பச்சையத்தை நீக்கிவிட்டு அயோடின் விட்டால் கருநீலம் வருமா? ஏன்?" என்று கேளுங்கள். இதற்கும் நினைவிலிருந்துதான் எடுக்க வேண்டும், ஆனால் எடுத்ததைக் கோக்க வேண்டும். கார்பிக்கியும் ஜானெல் பிளன்டும் 2011இல் அறிவியல் பகுதிகளை வைத்து ஒப்பிட்டபோது, பத்தியைப் பார்த்துக்கொண்டே கருத்து வரைபடம் போட்டவர்களைவிட, மூடி வைத்து நினைவிலிருந்து எழுதியவர்கள், ஊகித்துச் சொல்ல வேண்டிய கேள்விகளிலும் முன்னே நின்றார்கள்.

தவிர, எதுவும் நினைவில் இல்லாமல் சிந்திக்க முடியாது. எதை வைத்துச் சிந்திப்பது?

7. ஒரே நேரத்துல நிறைய சொன்னா ஏறாதுங்கறாங்க. எவ்வளவுதான் சொல்லலாம்?

ஜார்ஜ் மில்லர் 1956இல் ஏழு, இரண்டு கூடக் குறைய என்றார். நெல்சன் கோவன் 2001இல் அதை நான்கு என்ற அளவுக்குக் குறைத்தார். ஒரே சமயத்தில் மனதில் பிடித்து வைத்து வேலை செய்யக்கூடிய துண்டுகளின் எண்ணிக்கை அது. இப்படிப் பிடித்து வைத்து வேலை செய்யும் திறனைச் செயல் நினைவு என்பார்கள். துண்டு என்பது தெரிந்தவருக்கு ஒரு அளவு, தெரியாதவருக்கு வேறு அளவு. பக்க இணைப்புச் சுற்றின் படம் உங்களுக்கு ஒரே துண்டு. ஆறாம் வகுப்பு மாணவருக்கு அது இரண்டு பல்பு, ஒரு மின்கலம், ஆறு கோடு, சில குறியீடு.

அதனால் புதிய சொல், புதிய கருவி, புதிய கணக்கு மூன்றையும் ஒரே வகுப்பில் இறக்க வேண்டாம். பீக்கரும் தராசும் எப்படிப் பிடிப்பது என்பது முந்தைய நாளே பழகியிருந்தால், அடர்த்தி சோதனை அன்று மூளை அடர்த்தியைப் பற்றி நினைக்கும். கணக்கு சம்பந்தப்பட்ட பாடங்களில், ஜான் ஸ்வெல்லர் 1980களிலிருந்து சொல்லிவருவது போல, தொடக்கத்தில் முழுக்கச் செய்து காட்டிய கணக்கைப் படிக்கக் கொடுங்கள். அடுத்த கணக்கில் கடைசி வரியை மட்டும் அவர்களை முடிக்கச் சொல்லுங்கள், அதற்கடுத்ததில் இன்னும் கொஞ்சம்.

8. வீடியோ, அனிமேஷன் போட்டா புரிஞ்சிடாதா? பசங்க ஆர்வமா பார்க்கிறாங்களே.

ஆர்வமாகப் பார்ப்பது எதை என்று கவனிக்க வேண்டும். ரிச்சர்ட் மேயரும் ஷானன் ஹார்ப்பும் 1990களில் மின்னல் எப்படி உருவாகிறது என்ற பாடத்தில், மின்னல் தாக்கிய சம்பவங்கள் போன்ற சுவாரசியமான விவரங்களைச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். அந்தப் பதிப்பைப் படித்தவர்களுக்கு மின்னல் உருவாகும் காரணம் குறைவாகவே நினைவில் நின்றது. பாடத்தின் காரண காரியத்தோடு ஒட்டாத கவர்ச்சி, இடத்தை அடைத்துக்கொள்கிறது. படம் போடும்போது பெயர்ச்சொல்லை அந்தந்த உறுப்பின் பக்கத்திலேயே எழுதுங்கள்; அ, ஆ, இ போட்டுக் கீழே பட்டியல் கொடுத்தால் கண் ஏறி இறங்கியே களைத்துவிடும்.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை அம்புக்குறி. உணவுச் சங்கிலியில் புல்லிலிருந்து வெட்டுக்கிளிக்குப் போகும் அம்பு, ஆற்றல் போகும் திசை. பல மாணவர்கள் அதை "தின்கிறது" என்று படிக்கிறார்கள், அப்படிப் படித்தால் புல் வெட்டுக்கிளியைத் தின்னும். விசைப் படத்தில் அம்பின் நீளத்துக்கே பொருள் உண்டு. ஒளிக்கதிர்ப் படத்தில் அது பாதை. பட்டாம்பூச்சியின் வாழ்க்கைச் சுழற்சியில் அது காலம். இதயப் படத்தில் ஒரு கோடு ரத்தம் போகும் வழி, பக்கத்திலேயே இன்னொரு கோடு வெறும் பெயர்க்குறி. ஒரே புத்தகத்தில் இத்தனையும் இருக்கின்றன, எங்கும் யாரும் சொல்லித்தருவதில்லை. ஒவ்வொரு புதுப் படத்துக்கும் முன் ஒரு நிமிடம் ஒதுக்கி, "இந்த அம்பு என்ன சொல்கிறது?" என்று கேளுங்கள். குறுக்குவெட்டுத் தோற்றத்துக்கும் இதே மருந்துதான்: எந்தப் பக்கம் வெட்டினோம், எங்கிருந்து பார்க்கிறோம்.

9. சிலருக்குப் பார்த்தாத்தான் ஏறும், சிலருக்குக் கேட்டாத்தான் ஏறும். அதுக்கேத்த மாதிரி பிரிக்கணுமா?

வேண்டாம். ஒவ்வொருவருக்கும் ஒரு கற்றல் பாணி உண்டு, அதற்கேற்பக் கற்பித்தால் நன்றாகப் படிப்பார்கள் என்பதற்குத் தகுந்த ஆதாரம் இல்லை என்று ஹெரால்டு பாஷ்லர் குழு 2008இல் ஆராய்ந்து சொல்லிவிட்டது. படம் வேண்டுமா வேண்டாமா என்பதைப் பாடம்தான் தீர்மானிக்கும். இதயத்தின் அறைகளுக்கு எல்லாருக்கும் படம் வேண்டும்.

10. தப்பா புரிஞ்சு வெச்சிருக்கறத விடுங்க சார். சரியானதைச் சொல்லிக்கொடுத்தா தப்பு தானா போயிடாதா?

போகாது. இந்தத் தொகுப்பில் நான் அதிகம் மல்லுக்கட்டும் இடம் இதுதான். மாணவர் வெறுந்தலையோடு வருவதில்லை. ஸ்டெல்லா வோஸ்னியாடுவும் வில்லியம் புரூவரும் 1992இல் சிறு குழந்தைகளிடம் பூமியின் வடிவத்தைக் கேட்டபோது, பலர் "உருண்டை" என்றார்கள். தோண்டிக் கேட்டால், உள்ளே குடைவான உருண்டை, அதற்குள் தட்டையான தரையில் மனிதர்கள். கண்ணால் பார்த்த தட்டையையும் பெரியவர்கள் சொன்ன உருண்டையையும் அந்தக் குழந்தைகள் சமாதானம் பண்ணிவைத்திருந்தார்கள். 1987இல் ஹார்வர்டில் பட்டமளிப்பு நாளில் பருவகாலம் ஏன் வருகிறது, நிலவு ஏன் தேய்ந்து வளர்கிறது என்று கேட்கப்பட்டவர்களில் 23க்கு 21 பேர் தப்பாகச் சொன்னார்கள். கோடையில் பூமி சூரியனுக்கு அருகில் போகிறது என்பது அங்கே கேட்ட பழகிய பதில். உண்மையில் பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரி தொடக்கத்தில்.

எட்டாம் வகுப்பில் இதற்கு நல்ல உதாரணம், மரத்தின் எடை எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி. ஒளிச்சேர்க்கைச் சமன்பாட்டைப் பிழையின்றி எழுதும் மாணவரிடம் கேளுங்கள், "மண்ணிலிருந்து" என்பார். பதினேழாம் நூற்றாண்டு அறிவியலாளர் வான் ஹெல்மான்ட் 200 பவுண்டு மண்ணில் 5 பவுண்டு வில்லோ கன்றை நட்டு ஐந்தாண்டு தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் 169 பவுண்டுக்கு மேல் வந்தது, மண் குறைந்தது சுமார் 2 அவுன்ஸ்தான். 1648இல் அச்சான இந்தச் சோதனையில் அவரே தண்ணீர்தான் மரமானது என்று முடிவு கட்டினார். காற்றிலுள்ள ஒரு வாயு மரக்கட்டையாகிறது என்பது அவருக்கே தோன்றவில்லை. பதின்மூன்று வயதில் நம்பக் கஷ்டமாக இருப்பதில் வியப்பென்ன. முதலில் எழுதவைத்து, இந்த எண்களைக் காட்டி, "மண் என்றால் மண் எங்கே குறைந்தது?" என்று கேட்டபிறகு சமன்பாட்டுக்கு வாருங்கள்.

இதில் ஆசிரியர் செய்யக்கூடியது அதிகம். ஃபிலிப் சாட்லர் குழு 2013இல் நடுநிலை இயற்பியல் அறிவியல் ஆசிரியர்கள் 181 பேரிடம் இரண்டு கேட்டது: சரியான விடை எது, மாணவர்கள் அதிகம் தேர்ந்தெடுக்கும் தப்பான விடை எது. சரியான விடையோடு தப்பையும் முன்கூட்டிச் சொல்லத் தெரிந்த ஆசிரியர்களின் மாணவர்கள்தான் அப்படிப்பட்ட கேள்விகளில் அதிகம் முன்னேறினார்கள்.

11. தப்பான கருத்தை நாமே வகுப்புல சொன்னா, அதுவே மனசுல பதிஞ்சிடாதா?

சொல்லிவிட்டு விட்டால் பதியும். "பல்பு மின்னோட்டத்தைத் தின்றுவிடும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அது தவறு" என்று, தப்பு என்ற முத்திரையோடு சொல்லி, உடனே காரணத்துக்குப் போக வேண்டும். இன்னும் நல்லது, அவர்களையே ஊகிக்க வைப்பது: பல்புக்கு முன்னும் பின்னும் அம்மீட்டர் வைத்தால் எதில் அதிகம் காட்டும்? கை தூக்கச் சொல்லுங்கள், எவ்வளவு உறுதி என்றும் கேளுங்கள். பிறகு காட்டுங்கள். இரண்டும் ஒரே அளவு. உறுதியாக நம்பிச் சொன்ன தப்பு, திருத்தப்பட்டதும் நன்றாக நினைவில் நிற்கும் என்று ஜேனட் மெட்கால்ஃப் போன்றவர்களின் சோதனைகள் காட்டியிருக்கின்றன. ஆச்சரியம் கவனத்தை இழுக்கிறது.

ஒரு நாள் காட்டியதோடு முடிந்துவிடும் என்று எண்ண வேண்டாம். அறிவியல் நன்கு படித்த பெரியவர்களும், பழைய உள்ளுணர்வோடு மோதும் வாக்கியங்களுக்குச் சரி, தப்பு சொல்லக் கொஞ்சம் அதிக நேரம் எடுக்கிறார்கள் என்று ஆண்ட்ரூ ஷ்டல்மன் 2012இல் காட்டினார். பழையது அழியவில்லை, அடக்கப்பட்டிருக்கிறது. ஆகவே 5ஆம் பதிலில் சொன்ன இடைவெளிக் கேள்விகளில் இந்தப் பல்பு கேள்விக்கு நிரந்தர இடம் கொடுங்கள்.

12. மாணவர்களே கண்டுபிடிக்கணுமா, நாம சொல்லிடணுமா? ஒவ்வொரு பயிற்சியிலயும் ஒவ்வொண்ணு சொல்றாங்க.

இரண்டு சோதனைகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். டேவிட் கிளாரும் மிலெனா நிகமும் 2004இல் மூன்றாம், நான்காம் வகுப்புக் குழந்தைகளிடம், ஒரு நேரத்தில் ஒரு மாறியை மட்டும் மாற்ற வேண்டும் என்ற சோதனை முறையை, சாய்தளத்தில் உருளும் பந்துகளை வைத்துப் பார்த்தார்கள். விளக்கிச் சொல்லப்பட்டவர்களில் 77 சதவீதம் பேர் தேறினார்கள். தாமாகக் கண்டுபிடிக்க விடப்பட்டவர்களில் 23.

மறுபக்கம், டேனியல் ஷ்வார்ட்ஸ் குழு 2011இல் எட்டாம் வகுப்பில் அடர்த்தியைக் கொடுத்த விதம். பேருந்துகளில் ஏறிய கோமாளிகளின் படம்: ஒரு நிறுவனத்தின் பேருந்தில் கூட்டம், இன்னொன்றில் இடம் தாராளம், பேருந்தின் அளவுகளும் வேறு வேறு. எந்த நிறுவனத்தில் எவ்வளவு நெரிசல் என்று காட்ட ஒரு எண்ணை உருவாக்கச் சொன்னார்கள். சூத்திரம் பிறகுதான் சொல்லப்பட்டது. சூத்திரத்தை முதலிலேயே பெற்றுப் பயிற்சி செய்தவர்கள் சாதாரணக் கணக்குகளைச் சமமாகவே போட்டார்கள். ஆனால் விகிதம் என்ற கருத்தைப் பிடித்து, சுருள்வில் போன்ற வேறு இடத்தில் பயன்படுத்தியதில் முதலில் திணறியவர்களே முந்தினார்கள்.

இரண்டும் மோதவில்லை. இரண்டாவது சோதனையிலும் ஆசிரியர் கடைசியில் சொல்லித்தான் விட்டார். அதற்கு முன் மாணவர் பார்த்தது சும்மா ஒரு பொருள் குவியல் அல்ல, வேறுபாடு பளிச்சென்று தெரியும்படி தேர்ந்தெடுத்த எடுத்துக்காட்டுகள். சோதனை வடிவமைப்பு மாதிரியான செய்முறை விதியை நேராகச் சொல்லுங்கள். அடர்த்தி, அழுத்தம் மாதிரிக் கருத்துகளுக்கு, ஒப்பிட்டுப் பார்க்கப் பதினைந்து நிமிடம் கொடுத்துவிட்டுச் சொல்லுங்கள். எதையுமே சொல்லாமல் விடுவதை நான் ஏற்கவில்லை.

13. பாடத்துக்குப் பின்னாடி இருக்கற கணக்கெல்லாம் போட்டுடறாங்க. முழுத் தேர்வுல கலந்து வந்தா குழம்புறாங்க. ஏன்?

பாடத்தின் பெயரே விடையைச் சொல்லிக்கொடுத்துவிடுகிறது. அடர்த்தி என்றால் நிறையைப் பருமனால் வகு, வேகம் என்றால் தூரத்தை நேரத்தால் வகு, அழுத்தம் என்றால் விசையைப் பரப்பால் வகு. அடர்த்திப் பாடத்தின் பின்னால் இருக்கும் கணக்கில் இரண்டு எண் கிடைத்தால் போதும், கேள்வியைப் படிக்காமலே வகுத்துவிடலாம். எந்தச் சூத்திரம் என்று தேர்ந்தெடுப்பதுதான் கடினமான பகுதி, அதற்குப் பயிற்சியே கிடைக்கவில்லை. டக் ரோரர் குழு 2015இல் ஏழாம் வகுப்புக் கணிதத்தில் வகைகளைக் கலந்து கொடுத்துப் பார்த்தது. 30 நாள் கழித்து வைத்த தேர்வில் கலந்து பயின்ற பகுதியில் 74 சதவீதம், வகைவாரியாகப் பயின்றதில் 42. புதுக் கணக்குகள் எதுவும் எழுத வேண்டாம். இருப்பவற்றின் வரிசையை மாற்றினால் போதும். வீட்டுப்பாடத்தில் தப்பு கூடும், பெற்றோர் கேட்பார்கள், முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

14. போர்ஷனே முடியல. இதுக்கெல்லாம் எங்க நேரம்?

தேர்வுக்கு முன் பாடத்தை முழுசாக மறுபடி நடத்தும் அந்த நாட்களிலிருந்து எடுங்கள். 4ஆம் பதிலில் சொன்ன அந்தச் சில நிமிடங்கள் அவற்றைத் தின்னும் அளவுக்குப் பெரிதல்ல. ஐம்பது நோட்டுகளைத் திருத்தவும் வேண்டாம். மாணவர் தானே சரிபார்த்துக்கொள்வார், நீங்கள் வகுப்பைச் சுற்றி வந்து எந்தக் கேள்வியில் பெரும்பாலோர் நின்றார்கள் என்று மட்டும் பாருங்கள்.

15. நல்லா படிக்கிற பசங்களுக்கு இப்படிப் படிப்படியா கொடுத்தா போரடிக்காதா?

அடிக்கும், அதோடு கெடுதலும் செய்யும். செய்து காட்டிய கணக்கு புதியவருக்கு உதவும், தெரிந்தவருக்கு அதுவே தேவையில்லாத சுமை என்று ஸ்லாவா கல்யுகா 2003இல் தொகுத்துக் காட்டினார். அதனால்தான் 7ஆம் பதிலில் வரி வரியாகக் குறைக்கச் சொன்னேன். தேறியவரிடம் விடையைக் கேட்காமல், விளக்கத்தைக் கேளுங்கள்: இந்த வரி ஏன் வந்தது, வேறு எண் கொடுத்தால் எது மாறும்.

16. இதெல்லாம் செஞ்சு பார்த்தோம். ரிசல்ட்ல பெரிய மாற்றம் இல்லையே?

இருக்கலாம். ஆய்வகத்தில் கிடைத்த விளைவு வகுப்பில் அதே அளவு கிடைப்பதில்லை. இங்கிலாந்தின் கல்வி மானிய அறக்கட்டளை 2021இல் வெளியிட்ட மதிப்பாய்வும், கொள்கைகள் நம்பிக்கை தருகின்றன, ஆனால் உண்மையான வகுப்பறைகளிலிருந்து வந்த ஆதாரம் பல இடங்களில் மெல்லியது என்றே சொன்னது. பெரிய எண்ணை வாக்குக் கொடுக்கும் பயிற்சியாளரைச் சந்தேகப்படுவது நல்லது.

அதற்கு முன் உங்கள் கேள்வித் தாள்களை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டில் ஒன்று தெரியும். மூன்று கேள்வியும் நேற்றைய பாடத்திலிருந்தே வந்திருக்கும், சென்ற மாதக் கேள்வி மெல்லக் காணாமல் போயிருக்கும். அல்லது கேள்விகள் எல்லாம் "வரையறு", "பெயர் எழுது" வகையாக இருந்து, தேர்வு மட்டும் "ஏன்" என்று கேட்டிருக்கும். இரண்டும் இல்லை என்றால் 10ஆம் பதிலுக்குத் திரும்புங்கள்: வகுப்பில் அதிகம் பேர் எழுதிய தப்பான விடை எது என்று ஒவ்வொரு அலகுக்கும் ஒரு வரி எழுதிவைக்கத் தொடங்கினால், அடுத்த ஆண்டு அந்தப் பாடத்தை எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பது அந்த வரியிலேயே இருக்கும்.